புத்தளத்திலிருந்து வர வேண்டிய பெயர்

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியைப் பள்ளமடுவில் விட்டுக் கடலுக்கு முதுகு காட்டிக் காட்டுப் பக்கம் போனால் பெரியமடு. குளம், குளத்துக்குக் கீழே வயல், வயலைச் சுற்றிக் காடு. நான் அங்கே பிறந்தவன், வளர்ந்தது புத்தளத்தில். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எங்கள் வீடும் கிளம்பியது. தில்லையடிப் பக்கம் கிடுகுக் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை பிறகு கல்வீடாகி, கடையாகி, பிள்ளைகளின் பள்ளிக்கூடமாகி அங்கேயே வேரும் விட்டுவிட்டது.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. கண்ணிவெடி அகற்றுபவர்கள் ஊர் ஊராக வேலை முடித்துக்கொண்டு வந்த பிறகு, திரும்பிப் போகலாம் என்றார்கள். திரும்பியவர்கள் முழுசாகத் திரும்பவில்லை. வாப்பா வயலுக்காகப் பெரியமடுவில் நிற்பார்; உம்மா பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்தில் நிற்பார். விதைப்புக்கு ஒரு வீடு, பரீட்சைக்கு இன்னொரு வீடு. வாரக் கடைசியில் பஸ்ஸில் வந்து போவார்கள். இப்படி ஒரு குடும்பம் எந்த ஊர்க் குடும்பம் என்று கேட்டால் எழுத்தில் பதில் சொல்வது சிரமம். அந்தச் சிரமம்தான் பிறகு எனக்குத் தொழிலானது.

மீள்குடியேற்றத்துக்கு உதவிய ஒரு தொண்டு நிறுவனத்தில் பிஎச்பி என்ற கணினி மொழியில் வலைப்பக்கம் எழுதுபவனாகச் சேர்ந்தேன். வேலை ஒரு வரியில் சொல்லக்கூடியது. திரும்பி வந்த ஒருவரின் அடையாள அட்டை நம்பரை அடித்தால், அவர் குடும்பத்துக்கு இதுவரை என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும். ஆனால் அந்த ஒரு பக்கத்துக்கான விவரம் ஒரு இடத்தில் இல்லை. இடம்பெயர்ந்தோர் பதிவேடு புத்தளத்து அலுவலகம் ஒன்றில், மேசைக்கடியில் இருந்த கொம்பியூட்டரில். காணி அனுமதிப்பத்திர விவரம் மன்னாரில். வீட்டுத் திட்டப் பட்டியல் கொழும்பில். விதைநெல், ஆடு, தையல் மெஷின் என்று கொடுத்த வாழ்வாதார உதவிகள் கொழும்பிலேயே வேறொரு சேர்வரில். முதல் மூன்றும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில். கடைசியை யாரோ போஸ்ட்கிரெஸில் கட்டிவைத்திருந்தார்கள். நான்கையும் நான்கு தரப்பினர், நான்கு காலத்தில், நான்கு விதமான அவசரத்தில் உருவாக்கினார்கள். ஒன்றாக்குவோம் என்று பேச்செடுத்தால் யாருடைய சேர்வரில் ஒன்றாக்குவது என்ற இடத்தில் கூட்டம் கலையும்.

ஆகவே என் பக்கம் நாலு இடத்திலும் போய்க் கேட்டுவர வேண்டியிருந்தது. முதலில் புத்தளத்துக்குக் குவெரியை, அதாவது கேள்வியை, அனுப்பும். பதில் வரும்வரை நிற்கும். வந்ததும் மன்னாருக்கு அனுப்பும்; மறுபடி நிற்கும். அப்புறம் கொழும்பு, அப்புறம் மறுபடி கொழும்பு. அலுவலகத்தில் வைத்துப் பார்த்தபோது இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பெரியமடுவில் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையை எடுத்து, பிளாஸ்டிக் கதிரை போட்டு, மடிக்கணினியில் டொங்கிளைச் செருகி நடமாடும் சேவை நடத்தினோம். டொங்கிளுக்குச் சிக்னல் ஜன்னலோரம் மட்டும். வரிசை வராந்தாவைத் தாண்டி மரநிழல் வரைக்கும். ஒவ்வொருவருக்கும் பக்கம் திறக்கப் பதினைந்து, பதினாறு செக்கன். கேட்கச் சின்ன நேரம். ஆனால் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கையில், அவருடைய வீடு பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லப்போகும் திரை வெறும் வெள்ளையாக நிற்கையில், அந்த நேரம் நீளும். கள உத்தியோகத்தர் பேச்சுக்கொடுப்பார்: மழை எப்படி, குளத்தில் தண்ணீர் எவ்வளவு. பேச்சு முடிந்த பிறகும் திரை வெள்ளையாகவே இருக்கும்.

தூரத்து உறவில் ஒரு மாமி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைக் கேட்டார்.

“என்ன மகன், எங்கட பேர் இன்னும் புத்தளத்திலிருந்து வந்து சேரல்லயா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மாமி சொன்னது தொழில்நுட்ப ரீதியாகவும் சரி. அவர் பெயர் அந்த நேரம் புத்தளத்து மேசைக்கடியில்தான் இருந்தது, வந்துகொண்டுதான் இருந்தது. அது வந்து சேரும்வரை மன்னாரையும் கொழும்பையும் யாரும் கேட்டிருக்கவே இல்லை என்பதுதான் அவருக்குத் தெரியாது.

பிஎச்பியின் பிறவிக் குணம் அது. ராஸ்மஸ் லேர்டோர்ஃப் 1995இல் அதை வெளியிட்டபோது அது ஒருவர் தன் சொந்த வலைப்பக்கத்தைப் பராமரிக்கச் செய்துகொண்ட கருவித் தொகுப்பு. கோரிக்கை வரும், மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக ஓடும், பக்கத்தைக் கொடுக்கும், செத்துப்போகும். அடுத்த கோரிக்கைக்குப் புதிதாகப் பிறக்கும். இந்த எளிமையால்தான் அது உலகமெங்கும் பரவியது. எங்களைப் போல் புத்தகத்தைப் பார்த்துக் கற்றவர்களுக்கும் பிடிபட்டது. ஆனால் டேட்டாபேஸிடம் கேட்கும் வரியில் வந்ததும் முழு ஓட்டமும் நின்றுவிடும். அந்த நேரத்தில் பிஎச்பி எந்த வேலையும் செய்வதில்லை. நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பாச்சி என்ற வலைச் சேர்வரின் ஒரு புரொசஸைப் பிடித்துக்கொண்டு, சும்மா நிற்கிறது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. பிஎச்பி ஸ்கிரிப்ட் ஒன்று வழக்கமாக 30 செக்கனுக்கு மேல் ஓடக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. எங்கள் பக்கம் சில நாள் அதையும் தாண்டிச் சுழன்றது, ஆனால் வெட்டுப்படவில்லை. காரணம், லினக்ஸில் அந்தக் கணக்கு ஸ்கிரிப்ட் தானாக ஓடிய நேரத்தை மட்டுமே எண்ணுகிறது. டேட்டாபேஸ் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் அதில் சேராது. விண்டோஸில் மட்டும் சுவர்க்கடிகாரக் கணக்கு. ஆக, சேர்வரின் கடிகாரப்படி எங்கள் பக்கம் ஒரு செக்கன்கூட வேலை செய்யவில்லை. மாமியின் கடிகாரம் வேறு.

கொழும்பில் எனக்கு மூத்த ஒருவர் இருந்தார், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர். அவரிடம் இதைச் சொன்னபோது நான் எழுதிய நிரலைப் பார்க்கக்கூட இல்லை. “நாலு பேரிட்டயும் ஒரே நேரத்தில கேள். ஏன் ஒராள் பதில் சொல்லுமட்டும் மத்தவரிட்ட கேக்காம நிக்கிறாய்?” என்றார். பிஎச்பியில் அது முடியாது என்பதுதான் அப்போது நாங்கள் எல்லாரும் நம்பியது. முடியும் என்று அவர் காட்டினார்.

போஸ்ட்கிரெஸுக்கு அது வெகு காலமாகவே இருந்தது. பிஎச்பி 4.2 வந்த 2002ஆம் ஆண்டிலிருந்தே ‘பிஜி_சென்ட்_குவெரி’ என்றொரு செயற்கூறு உண்டு. கேள்வியை அனுப்பிவிட்டு உடனே திரும்பிவிடும். பதிலை வேண்டும்போது ‘பிஜி_கெட்_ரிசல்ட்’ மூலம் எடுத்துக்கொள்ளலாம். மைஎஸ்கியூஎல் பக்கம் அதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்திரே ஹிறிஸ்தோவ், உல்ஃப் வெண்டல் போன்றவர்கள் பிஎச்பிக்கென்றே தனியாக எழுதிய மைஎஸ்கியூஎல்என்டி என்ற இணைப்பு நிரல், 2009 ஜூன் 30இல் வெளியான பிஎச்பி 5.3உடன் வந்தது. அதோடுதான், அனுப்பிவிட்டுப் பதிலுக்கு நிற்காத அசின்க் குவெரியும் வந்தது. பழைய இணைப்பு நிரலை வைத்துக் கட்டிய பிஎச்பியில் இது இல்லை. ஆகவே எங்கள் முதல் வேலை, சேர்வரில் எது இருக்கிறதென்று பார்த்து மாற்றுவதாக இருந்தது.

விடத்தல்தீவில் நண்டு வலை போடுகிறவர் ஒவ்வொரு வலைக்கும் பக்கத்தில் குந்தியிருப்பதில்லை. எல்லா வலையையும் வரிசையாகப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிடுவார். பிறகு போய் ஒவ்வொன்றாகத் தூக்குவார். அசின்க் குவெரியின் அடிப்படை அவ்வளவுதான். மீதியெல்லாம் எந்த வலையை எப்போது தூக்குவது என்ற கேள்வி.

செய்துபார்த்த முறையைச் சொல்கிறேன். முதலில் நாலு இணைப்புகளைத் திறந்தோம். இதில் ஒரு சங்கதி: இணைப்பைத் திறப்பது அசின்க் இல்லை. அது பழையபடி ஒன்றன்பின் ஒன்றாக, நின்று நின்றுதான் நடக்கும். புத்தளத்து இணைப்பு திறக்க நேரமெடுத்தால் அந்த நேரம் எடுத்தே தீரும். பிறகு போஸ்ட்கிரெஸுக்கு ஒரு கேள்வியை அனுப்பிவிட்டோம். அடுத்து மூன்று மைஎஸ்கியூஎல் இணைப்புகளிலும் குவெரியோடு அசின்க் என்ற கொடியைச் சேர்த்து அனுப்பினோம். நாலு கேள்வியும் ஒரு செக்கனுக்குள் வெளியே போய்விட்டன. ஸ்கிரிப்டின் கை சும்மா இருந்தது.

அடுத்தது ‘மைஎஸ்கியூஎல்ஐ_போல்’ என்ற செயற்கூறு. காத்திருக்கும் இணைப்புகளை ஒரு பட்டியலாக அதனிடம் கொடுத்து, இவ்வளவு நேரம் பார் என்று சொன்னால், எத்தனை இணைப்பில் பதில் தயார் என்ற எண்ணைத் திருப்பித் தரும். எவையெவை என்பதைக் கொடுத்த பட்டியலிலேயே எழுதிவிடும். அதாவது பதில் வராதவற்றை அதிலிருந்து நீக்கிவிடும். சுற்றி வந்து மறுபடி கேட்கும்போது பட்டியலைப் புதிதாக நிரப்பிக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பிந்தி வரும் பதிலை யாருமே தேடமாட்டார்கள். தயாரானதை ‘ரீப்’ செய்து எடுக்க வேண்டும். எடுக்கும்வரை அந்த இணைப்பில் வேறெதுவும் கேட்கக்கூடாது. கேட்டால் 2014 என்ற எண்ணோடு, கட்டளைகள் ஒழுங்கு மாறிவிட்டன என்ற பிழைச்செய்தி வரும். ஒரு இணைப்பு, ஒரு நேரம், ஒரு கேள்வி. ஒரே சேர்வரிடம் இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்க விரும்பினாலும் இரண்டு இணைப்பு வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு, அது பாதுகாப்புச் சம்பந்தமானது. குவெரியை முன்கூட்டித் தயாரித்து, மதிப்புகளைத் தனியே கொடுக்கும் முறையை மைஎஸ்கியூஎல் பக்கம் அசின்க்கில் பயன்படுத்த முடியாது. எழுத்தாகக் கோர்த்த குவெரியைத்தான் அனுப்பலாம். ஆகவே அடையாள அட்டை நம்பர் என்று வருவது உண்மையிலேயே நம்பர்தானா என்று சோதித்து, கேடு செய்யக்கூடிய குறிகளைச் செயலிழக்கச் செய்து, அதன் பிறகுதான் கோர்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் இந்தத் தொல்லை இல்லை. மதிப்புகளைத் தனியே அனுப்பும் அசின்க் செயற்கூறு அதற்கு உண்டு.

கை சும்மா இருந்தது என்றேன். அதற்கு வேலை கிடைத்தது. பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ்ப் பெயர்கள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தன. இலங்கையில் ஒரு காலத்தில் அச்சகம் முதல் அலுவலகம் வரை பாமினிதான். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து நிற்கும். அவற்றை யூனிகோட் ஆக்குவது பிஎச்பியின் வேலை. முன்பு நாலு பதிலும் வந்த பிறகு அதைத் தொடங்கினோம். இப்போது மன்னாரின் பதில் வந்ததும் அதிலுள்ள பெயர்களை மாற்றத் தொடங்கலாம். கொழும்பு வரும்போது மன்னார் முடிந்திருக்கும். எந்த ஒழுங்கில் கேட்டோமோ அந்த ஒழுங்கில் பதில் வருவதில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, வந்ததை வந்தபடி வாங்கி, காட்டும்போது மட்டும் ஒழுங்குபடுத்தினோம்.

கணக்கு எளிது. புத்தளம் 9 செக்கன், மன்னார் 2, வீட்டுத் திட்டம் 3, வாழ்வாதாரம் 2 என்று வையுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் 16. ஒன்றாகக் கேட்டால், எல்லாவற்றிலும் நீளமானது எதுவோ அதுவே மொத்தம்: 9. காத்திருப்பு கூட்டல் கணக்கிலிருந்து, பெரியது எது என்று பார்க்கும் கணக்குக்கு மாறுகிறது.

இந்த மாற்றத்தின் பெரிய பலன் மிச்சமான 7 செக்கன் இல்லை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் எடுத்தது. 16 செக்கனாக இருந்தபோது யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் பிந்தினார்கள், இன்டர்நெட் சரியில்லை, டொங்கிள் சரியில்லை, ஊர் தூரம். தாமதம் நாலு பேருக்கும் பங்கு பிரிந்து, பொதுச்சொத்தாகி, யாருடையதும் இல்லாமல் போயிருந்தது. ஒன்றாகக் கேட்டதும் மூன்று பேர் 3 செக்கனுக்குள் வந்து நின்றார்கள். மீதி 6 செக்கனும் முழுப்பக்கமும் ஒரே ஒருவருக்காக நின்றது. புத்தளம் தனியாக நின்று அகப்பட்டது.

தூரம் காரணமில்லை என்பதும் அப்போதுதான் வெளிச்சமானது. அந்தச் சேர்வருக்கு வெறும் ‘இருக்கிறாயா’ என்று கேட்டால் பதில் சட்டென்று வந்தது. குவெரிதான் நேரமெடுத்தது. டேட்டாபேஸ் எப்படித் தேடுகிறது என்று காட்டும் ‘எக்ஸ்பிளெய்ன்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தோம். வகை என்ற இடத்தில் ‘ஓல்’ என்றிருந்தது: ஒரு நம்பரைத் தேட முழு அட்டவணையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறது. இன்டெக்ஸ் இல்லையா என்றால், இருந்தது. பயன்படவில்லை.

காரணம் முகாம் காலத்துக் கதை. அடையாள அட்டை நம்பர் அப்போது 9 இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். அட்டையே இல்லாமல் வந்தவர்கள் பலர். நினைவிலிருந்து சொன்னார்கள், கிளாக்கர்மார் கேட்டபடி எழுதினார்கள், வேறொருவர் அதைப் பார்த்து அடித்தார். சிலர் எழுத்தைப் பெரிதாக அடித்தார்கள், சிலர் சிறிதாக. சிலர் நடுவில் இடைவெளி விட்டார்கள். சிலர் முன்னால் ‘அ.அ.இல.’ என்றும் சேர்த்தார்கள். இவ்வளவு குளறுபடிக்குள் ஒரு நம்பரைத் தேடிப் பிடிக்க, முன்னாலும் பின்னாலும் எது இருந்தாலும் பரவாயில்லை என்று, இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டுத் தேடும்படி அந்தக் குவெரியை ஆரம்பத்தில் எழுதியிருந்தார்கள். அந்த நாளில் அது நல்ல தீர்வு. யாரையும் தவறவிடாத தீர்வு. ஆனால் எழுத்தின் தொடக்கம் எதுவென்று தெரியாமல் இன்டெக்ஸைப் பயன்படுத்த முடியாது. பெயர்ப் பட்டியலை அகரவரிசையில் எவ்வளவு அழகாக அடுக்கினாலும், நடுவெழுத்தை மட்டும் சொல்லித் தேடச் சொன்னால் முழுவதையும் புரட்டத்தான் வேண்டும்.

பெயரை வைத்துத் தேடலாமே என்று யாராவது கேட்பார்கள். முகம்மது, முஹம்மத், மொஹமட், மொகமது, வெறும் ‘மு.’ என்று ஒரே ஆள் நாலைந்து எழுத்தில் இருந்தார். நம்பரை விட்டால் வழியில்லை.

ஆகவே அட்டவணையில் இன்னொரு நெடுவரிசையைச் சேர்த்தோம். பழைய நெடுவரிசையை அப்படியே விட்டோம்; அதில் கைவைக்க எங்களுக்கு உரிமையில்லை, வைக்கவும் கூடாது, ஏனென்றால் அன்று என்ன எழுதினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. புதிய நெடுவரிசையில் இடைவெளியும் முன்னொட்டும் நீக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, சுத்தப்படுத்திய நம்பர். அதன் மேல் இன்டெக்ஸ். சுத்தப்படுத்தியும் 9 இலக்கம் வராதவற்றை ஒரு தனிப் பட்டியலாக்கி, புத்தளத்து உத்தியோகத்தர்கள் வீடு வீடாகக் கேட்டுச் சரிசெய்தார்கள். புத்தளத்தின் பதில் ஒரு செக்கனுக்குள் வந்தது. இப்போது மிக நீளமானது வீட்டுத் திட்டம், 3 செக்கன். முழுப்பக்கமும் அவ்வளவுதான். இப்போது ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாலும் 8 செக்கன், அதாவது பழையதில் பாதி. அசின்க் இல்லாமலே கிடைத்திருக்கக்கூடிய லாபம்தான் அது. ஆனால் அசின்க் இல்லாமல் எங்கே தேடுவதென்று தெரிந்திருக்காது.

விலை இல்லாத வசதி இல்லை. மைஎஸ்கியூஎல் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளும் இணைப்புகளின் வழக்கமான எல்லை 151. எங்கள் கொழும்புச் சேர்வர் வேறு பல திட்டங்களுக்கும் பொது. வேகத்தைக் கண்டதும் ஆசை வந்தது: வீட்டுத் திட்டக் கேள்வியையே ஐந்தாகப் பிரித்து ஐந்து இணைப்பில் ஒன்றாகக் கேட்டால் என்ன என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பெருக்கிப் பார்த்தோம். காலையில் 30 உத்தியோகத்தர்கள் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்தால் 150 இணைப்பு. அதற்குப் பிறகு இரண்டு பேர் வந்தால் ஒருவருக்கு ‘இணைப்புகள் அதிகம்’ என்ற பிழை. அது எங்கள் பக்கத்தில் மட்டும் வராது. அந்தச் சேர்வரில் இருக்கும் மற்றவர்களுக்கும் வரும். ஐந்து பேர் ஒன்றாகக் கேட்பதால் டிஸ்க் ஐந்து மடங்கு வேகமாகச் சுழலப்போவதும் இல்லை. கேட்கிறவனின் காத்திருப்பு, பதில் சொல்கிறவனின் தலையில் சுமையாகப் போய் ஏறுகிறது, அவ்வளவே. வெவ்வேறு சேர்வர்களிடம் ஒன்றாகக் கேட்பது நியாயம். ஒரே சேர்வரை ஐந்து பக்கத்திலிருந்தும் பிடித்து இழுப்பது நியாயமில்லை. யோசனையைக் கைவிட்டோம்.

கடைசிச் சிக்கல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒரே இணைப்பில், ஒரு பரிவர்த்தனைக்குள் கேட்கும் கேள்விகளுக்கு டேட்டாபேஸ் ஒரே கணத்தின் நிலையைக் காட்ட முடியும். தனித்தனி இணைப்பில், அதுவும் தனித்தனிச் சேர்வரில் கேட்டால் அந்த உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு பதிலும் தான் எழுதப்பட்ட நேரத்துக்கு மட்டும் உண்மை. ஒரு குடும்பத்தின் பதிவைப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு மாற்றிக்கொண்டிருக்கையில் நாங்கள் கேட்டால், இரண்டிலும் அந்தக் குடும்பம் இருக்கலாம். இரண்டிலும் இல்லாமலும் போகலாம். தொகை போடும்போது ஒரு வீடு இரண்டாக எண்ணப்படும், அல்லது காணாமல் போகும்.

நிரலாளனுக்கு இது ஒருமைப்பாட்டுச் சிக்கல். பெரியமடுக்காரனுக்கு இது நன்றாகத் தெரிந்த நிலைமை. மாமியின் குடும்பம் உண்மையிலேயே இரண்டு இடத்திலும் இருந்தது. மாமா பெரியமடுவில், பேரப்பிள்ளைகள் தில்லையடிப் பள்ளியில், மாமி இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில். மேலிடத்திலிருந்து, இரண்டு இடத்தில் பெயர் வந்தால் ஒன்றைத் தானாக நீக்கும்படி பக்கத்தை எழுதச் சொன்னார்கள். இரட்டைப் பதிவு என்பது அவர்களுக்குப் பிழை, சில வேளை ஏமாற்று. சில வேளை அது ஏமாற்றாகவும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தப் பதில் முந்தி வந்ததோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும் ஸ்கிரிப்ட், ஒரு குடும்பத்தின் ஊரை நெட்வேர்க்கின் வேகத்தை வைத்துத் தீர்மானிக்கும். அதை எழுத நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பதிலாக, பக்கத்தின் அமைப்பை மாற்றினோம். நாலு பதிலுக்கும் நாலு கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும், இந்தப் பதில் எந்தத் திகதி, எத்தனை மணிக்கு வந்தது, அந்தப் பதிவு கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற வரி. ஒரு சேர்வர் குறித்த நேரத்துக்குள் பதில் தராவிட்டால் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று போடாமல் ‘பதில் வரவில்லை’ என்று போட்டோம். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. வீட்டுப் பட்டியலில் பெயர் இல்லை என்று கேட்டு எழுந்து போன ஒருவரை, சேர்வர் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று திரும்பக் கூப்பிடுவது லேசான காரியமில்லை. பெயர் இரண்டு இடத்தில் வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, முடிவைக் கள உத்தியோகத்தரிடம் விட்டோம். அவர் கேட்பார், குடும்பம் சொல்லும், அவர் எழுதுவார். மெதுவான முறைதான். கதிரையில் உட்கார்ந்திருப்பவரோடு பேசி முடிவெடுக்க வேண்டிய இடத்தில் வேகம் எதற்கு?

இன்றைக்குக் கருவிகள் பெருகிவிட்டன. ரியாக்ட்பிஎச்பி, ஆம்ப், ஸ்வூல் என்று பிஎச்பியை நிற்காமல் ஓடவைக்கும் வழிகள் பல வந்தன. 2021 நவம்பரில் வந்த பிஎச்பி 8.1 ஃபைபர் என்ற வசதியைத் தந்தது. ஓடும் செயற்கூறை நடுவில் நிறுத்தி வேறொன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். புதிதாக வரும் தம்பிமார் ஃபைபர் போட்டால் எல்லாம் தானாக அசின்க் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. அடியில் இருக்கும் டேட்டாபேஸ் செயற்கூறு நின்று காத்திருக்கும் வகையென்றால் ஃபைபரும் சேர்ந்து நிற்கும். மிகப் பலர் பயன்படுத்தும் பிடிஓ என்ற டேட்டாபேஸ் இணைப்பு வசதியில் அசின்க் குவெரி கிடையாது. பழைய மைஎஸ்கியூஎல்ஐ, போஸ்ட்கிரெஸ் செயற்கூறுகளின் மேல்தான் கட்ட வேண்டும், அல்லது அதற்கென்றே எழுதிய வேறு இணைப்பு நிரலை எடுக்க வேண்டும்.

அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கேள்வி எத்தனை செக்கன் எடுக்கிறது என்று தனித்தனியே எழுதிவைத்திருக்கிறாயா? எழுதிவைக்காதவனுக்கு அசின்க் ஒரு வித்தை. பக்கம் வேகமாகும், ஏனென்று தெரியாது. திரும்பவும் மெதுவாகும், அதுவும் ஏனென்று தெரியாது. எழுதிவைத்தவனுக்கு அது ஒரு விசாரணை முறை. எல்லாரையும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டு நிறுத்தினால், பிந்துகிறவர் யார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது பெரும்பாலும் அசின்க்கோடு சம்பந்தமில்லாத பழைய வேலை: நம்பரைச் சுத்தப்படுத்து, இன்டெக்ஸைப் போடு, தேவையில்லாத கேள்வியைக் கேட்காதே.